பிள்ளைகளிடமும் கேட்ட ஜெசிந்தா அக்கா

அளவீட்டுக் குழுவில் என்னோடு இருந்தவர்களுக்கும், ஜெசிந்தா அக்காவை அறிந்த ஆசிரியர்களுக்கும்,

இவ்வளவு பிந்திய இரவில் எழுதி உங்கள் போன்களைச் சிணுங்க வைப்பதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். மகள் உறங்கிய பிறகுதான் எனக்கு இரண்டு கையும் கிடைக்கிறது. பகலில் எழுத உட்கார்ந்தால் "ஏனம்மா அழுறீங்கள்" என்று பக்கத்தில் வந்து நிற்கிறாள். பிறகு அவளும் அழத் தொடங்கிவிடுகிறாள். அதனால்தான் இந்த நேரம்.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு யாராவது அக்காவைப் பற்றி இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று அவருடைய தங்கை கேட்டிருந்தார். எழுந்து நின்று பேச என்னால் முடியாது. அதனால் எழுதுகிறேன். அவரை நினைப்பதற்காக மட்டும் எழுதவில்லை, உங்களிடம் ஒன்று கேட்கவும் வேண்டியிருக்கிறது. அடுத்த பள்ளிக்கூடத் தவணையில் நமது சூழ்நிலை அளவீட்டின் இரண்டாம் சுற்று வருகிறது. அக்கா இல்லாத நிலையில் ஆசிரியர்களின் பதில்களை மட்டும் எடுத்தால் போதும், பிள்ளைகளின் பக்கம் வேண்டாம், அது வீண் கரைச்சல் என்று மேலிடத்தில் கதை வந்திருக்கிறது. நாம் வாய் திறக்காவிட்டால் அது முடிவாகிவிடும். அதைப் பற்றி இறுதியில் வருகிறேன். அதற்கு முன் அவரைப் பற்றிச் சொல்ல விடுங்கள்.

செய்தி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் மகள் ஆரபிக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தேன். ஜெயந்தன் சேர், நீங்கள்தான் போன் எடுத்தீர்கள். "தங்கச்சி, ஒரு இடத்தில இருந்துகொண்டு கேளுங்கோ" என்றீர்கள். நான் இருக்கவில்லை. கையில் சோற்றோடு நின்றுகொண்டே கேட்டேன். காலையில் பூசைக்குப் போய் வந்து, மீன் வெட்டிக் கழுவி வைத்துவிட்டு, தலை இடிக்கிறது, கொஞ்சம் படுக்கிறேன் என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறார். பிறகு கூப்பிட்டதற்குச் சத்தமில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. இவ்வளவையும் கேட்ட பிறகு நான் உங்களிடம் கேட்டது என்ன தெரியுமா? "அப்ப நாளைக்கு முள்ளிக்குளம் பள்ளிக்கூடத்துக்கு ஆர் என்னோட வாறது?" நீங்கள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் இல்லாத திங்கட்கிழமை ஒன்று இருக்க முடியும் என்று எனக்கு அந்த நேரம் விளங்கவில்லை. இப்போதும் சரியாக விளங்கியதாகச் சொல்ல முடியாது.

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் யாழ்ப்பாணத்தில் படித்த படிப்பும், பெட்டி பெட்டியாக வினாக்கொத்துகளும் என்னிடம் இருந்தன. ஜெசிந்தா அக்கா அப்போது நீண்டகாலம் கணிதம் படிப்பித்துவிட்டு ஆசிரிய ஆலோசகராக இருந்தார். ஓலைத்தொடுவாயில் கடல் தொழிலுக்குப் போகிற குடும்பம். பிள்ளைகளோடு பேசும்போது எவ்வளவு மெதுவாகப் பேசுவாரோ, அதிபர்களோடு அவ்வளவு சத்தமாகப் பேசுவார். என்னைக் கண்ட முதல் நாளே ஒரு கேள்வி.

"பாடசாலைச் சூழ்நிலை எண்டு எழுதி வைச்சிருக்கிறாய். அப்பிடியெண்டா என்ன?"

நான் படித்த வரைவிலக்கணத்தை ஒப்புவித்தேன். பாதுகாப்பு, உறவு, கற்றல், நிறுவனச் சூழல் என்று நான்கு கூறுகளையும் அடுக்கினேன்.

"உதை எங்கட ஊரில மீன் காயவைக்கிற ஒரு அம்மாவுக்கு விளங்கச் சொல்லு பாப்பம்."

நான் வினாக்கொத்தைப் புரட்டினேன். அவர் சிரித்தார்.

"காலமை பள்ளிக்கூடப் படலையடிக்கு வரேக்க பிள்ளைக்கு வயித்தைப் பிசையுதா இல்லையா? அதே படலையடியில ரீச்சருக்கும் பிசையுதா இல்லையா? உதுதான் பிள்ளை. ரெண்டு பேரிட்டயும் கேக்கவேணும். ஒரு ஆளின்ர வயித்தை மற்ற ஆளிட்டக் கேட்டுத் தெரிஞ்சுகொள்ளேலாது."

அன்றிலிருந்து நாங்கள் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போனோம். அவருடைய ஸ்கூட்டியின் பின்னால் நான், என் மடியில் வினாக்கொத்துக் கட்டு. சோளகக் காற்றில், கடலுக்கு நடுவால் தீவை இணைக்கிற தாம்போதியைக் கடக்கும்போது ஒரு கையால் கட்டையும் மறு கையால் அவருடைய இடுப்பையும் பிடித்துக்கொள்வேன். "கடதாசி பறந்தா பறக்கட்டும், நீ பறந்திடாத. பிறகு உன்ர மனுசனுக்கு ஆர் பதில் சொல்லுறது?" என்பார்.

இனிச் சொல்லப்போவது உங்களில் சிலருக்குத் தெரியும். தீவின் கரையோரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். பெயரை எழுதமாட்டேன், எழுதினால் அவர் எழும்பி வந்து ஏசுவார். அங்கே முதலில் வகுப்பறையில் வைத்தே பிள்ளைகளிடம் கேட்டோம். வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளை எந்தக் கட்டத்துக்குள் புள்ளடி போட்டாளோ, அதே கட்டத்துக்குள் முழு வகுப்பும் போட்டிருந்தது. சோதனை என்று நினைத்துவிட்டார்கள். உடனே அக்கா ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியே கேட்க வேண்டும், மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாமல், ஒரு திரைக்குப் பின்னால். பள்ளிக்கூடத்தில் ஓய்வான அறை இல்லாததால் பக்கத்து மாதா கோவில் மண்டபத்தைக் கேட்டு வாங்கினோம். ஒரு கதிரை, ஒரு பழைய திரைச்சீலை. நாலாம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து அக்கா சொன்னார்: "பேர் சொல்லத் தேவையில்லை. இங்க சொல்லுறது வெளியில போகாது. உண்மையை மட்டும் சொன்னாக் காணும்."

நான் சைவக்காரி; எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், பூசையும் மறைக்கல்வியுமாக வளர்ந்த அவருக்கும் தோன்றவில்லை. அந்தப் பிள்ளைகள் எல்லோரும் முதல்நன்மைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த காலம் அது. திரைக்குப் பின்னால் இருக்கிற சுவாமியிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தை எப்படிச் செய்வது என்று வாரக்கணக்காகச் சிஸ்டர் பழக்கியிருக்கிறார். எங்கள் வரிசையில் பிள்ளைகள் கைகூப்பிக்கொண்டு, தலை குனிந்து, சத்தமே இல்லாமல் நின்றார்கள். அந்தப் பக்கம் போன சிஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன ஒழுங்கா நிக்குதுகள்! எங்களுக்கு ஒரு நாளும் இப்பிடி நிண்டதில்லை" என்று மெச்சிக்கொண்டு போனார்.

முதலில் உள்ளே போனது ஒரு சிறுமி. திரைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குக் குரல் மட்டும் கேட்டது.

"சுவாமி, என்னை ஆசீர்வதியும். நான் பாவி."

"ஐயோ, எழும்பு ராசாத்தி! முழங்காலில நிக்காத. நான் சுவாமி இல்லை, கணக்கு ரீச்சர்."

"பரவாயில்லை" என்றாள் சிறுமி.

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அடுத்து வந்தது சிரிக்கக்கூடியதாக இல்லை.

"நான் கொப்பி கொண்டுவராம விட்டனான். ரீச்சருக்குக் கோவம் வரப்பண்ணினனான். என்னாலதான் அவ எனக்கு அடிச்சவ. இடைவேளையில ரீச்சர் அழேக்க நான் கதவால பாத்தனான். அதுக்கும் அடி வாங்கினனான். இவ்வளவுதான். இனிச் செய்யமாட்டன்."

அக்கா, "நீ ஒரு பாவமும் செய்யேல்ல. போய் விளையாடு" என்று சொல்வது கேட்டது. அவர் வெளியே வந்தபோது முகம் வேறாக இருந்தது. இன்னும் நாலைந்து பிள்ளைகளைக் கேட்டார். எல்லோரும் அப்படியே. பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டால், தாங்கள் என்ன பிழை விட்டோம் என்று சொன்னார்கள்.

"கட்டி வை பிள்ளை" என்றார் என்னிடம். "இண்டைக்குக் கேட்டது ஒண்டும் கணக்கில சேராது."

"நல்லாத்தானே அக்கா பதில் சொல்லுதுகள்?"

"பதிலோ? பாவம் சொல்லுதுகள். அடி வாங்கினதும் தங்கட பாவமாம்."

திரும்பி வருகிற வழியில் ஓரிடத்தில் கழுதைகள் ரோட்டை மறித்துக்கொண்டு நின்றன. அவர் ஹோர்ன் அடிக்கவில்லை. ஸ்கூட்டியை நிற்பாட்டிவிட்டு அப்படியே இருந்தார். முதுகு குலுங்குவதைப் பார்த்துத்தான் அழுகிறார் என்று தெரிந்தது. "நானும் உப்பிடித்தான் முழங்காலில நிண்டு சொன்னனான். அடி வாங்கினதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டனான். இத்தனை வருசம் படிப்பிச்சும் இண்டைக்குத்தானே எனக்கு விளங்குது" என்றார். கழுதைகள் போன பிறகும் நாங்கள் அங்கேயே நின்றோம்.

அடுத்த கிழமை ஒரு பின்னேரம் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஆரபிக்கு ஒரு பை நிறையக் கச்சான் கடலை. "உன்ர மகளை ஒரு பத்து நிமிசம் கடன் தா. புதுக் கேள்வி ஒண்டு கண்டுபிடிச்சிருக்கிறன்." தன்னைப் பற்றிக் கேட்டால் பிள்ளை தன்னையே குற்றம் சொல்லும், புதிதாக வருகிற இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடு என்றால் என்ன சொல்லும் என்பதுதான் அவருடைய யோசனை. ஆரபிக்கு ஐந்து வயது. நிலத்தில் அவளுக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்துகொண்டு கேட்டார்.

"ஆரபிக்குட்டி, உங்கட வீட்டில இருக்கிறதுக்கு நாளைக்குப் புதுசா ஒரு பிள்ளை வருது எண்டு வைப்பம். அதுக்கு நீங்கள் என்னென்ன சொல்லிக் குடுப்பீங்கள்?"

ஆரபி கச்சானை உடைத்துக்கொண்டே யோசித்தாள். "லப்டொப் திறந்திருந்தா அம்மாவோட கதைக்கக் கூடாது. ஓடக் கூடாது. கட்டில்ல ஏறினா அம்மா கத்துவா. இருமினா இருமேல்ல எண்டு சொல்லவேணும். இல்லாட்டி அம்மா பயந்து அப்பாவுக்குப் போன் எடுப்பா."

எனக்கு முகம் சுட்டது. நான் நினைத்திருந்த என் வீடு வேறு. நான் காய்ச்சலுக்கும் விழுந்து எழும்புவதற்கும் எப்போதும் காவல் இருக்கிறேன், பிள்ளை பத்திரமாக இருக்கிறது என்று நினைத்திருந்தேன். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் பக்கம் திரும்பி, "பொறு, உனக்கும் அதே கேள்விதான். இந்த வீட்டுக்குப் புதுசா ஒரு அம்மா வந்தா நீ என்ன சொல்லிக் குடுப்பாய்?" என்றார்.

"கிணத்தடிக் கதவைப் பூட்டச் சொல்லுவன்" என்றேன். "இரவில எழும்பி மூச்சு வருதோ எண்டு பாக்கச் சொல்லுவன்."

அவர் என்னைத் திட்டவில்லை, புத்தி சொல்லவும் இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் கச்சான் பையை வைத்துவிட்டு, "ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பயந்துகொண்டு இருக்கிறியள். பாவங்கள்" என்றார். ஆரபி சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது.

அந்தக் கேள்வியோடு அதே பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போனோம். இந்த முறை கோவில் மண்டபமும் இல்லை, திரையும் இல்லை. வெட்டவெளியில் பூவரச மரத்தடியில் ஒரு வாங்கில் இருத்தி, மற்றவர்களுக்குக் கேட்காத தூரத்தில், ஒவ்வொரு பிள்ளையாக. புதுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க அவர்களிடம் எவ்வளவோ இருந்தது! கணக்குப் பாடத்தில் தண்ணி குடிக்கக் கேட்காதே. செருப்புப் பிய்ந்தால் பின்வரிசை வாங்கில் போய் இரு. பல பேர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: இடைவேளை நேரம் பின்பக்க அறைப் பக்கம் போகாதே, உள்ளே ரீச்சர் அழுவா, கண்டுவிட்டால் அடிப்பா.

ஆசிரியர்களிடமும் அதே கேள்விதான்: இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வருகிற ஓர் ஆசிரியருக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்? பெயர் எழுதாமல் எழுதித் தந்தார்கள். மத்தியானப் பஸ்ஸை விட்டால் பொழுதுபட்டுத்தான் வீடு என்று ஒருவர். மழைக்கு ஒழுகாத மூலை எது என்று ஒருவர். ஒருவர் எழுதியிருந்தது இது: "பால் கட்டி நெஞ்சு நொந்தால் பின்பக்க அறைக்குப் போங்கோ. தாழ்ப்பாள் இல்லை. மேசையை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் பிழிந்து ஊற்றுங்கோ. பிள்ளைகள் வந்து எட்டிப் பார்க்கும், கவனம்."

அதை எழுதியது தான்தான் என்று பிற்பாடு அவரே சொன்னார்; வவுனியாப் பக்கத்திலிருந்து விடிய முன்னம் புறப்பட்டு வருகிறவர் அவர். வீட்டில் கைக்குழந்தை. அவரிடம் கேட்டு, எழுதுங்கோ என்று அவர் சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.

அன்று பின்னேரம் நான் வழமை போலப் பதில்களுக்கு எண்களைப் போட்டுக்கொண்டிருந்தேன். பாதுகாப்பு என்ற கூறுக்கு ஆசிரியர்களின் புள்ளி உயரத்தில் இருந்தது, பிள்ளைகளின் புள்ளி அடியில் இருந்தது. இரண்டையும் கூட்டிப் பிரித்தேன். 'திருப்திகரம்' என்று வந்தது. எனக்கும் திருப்தியாக இருந்தது. அக்கா என் தோளுக்கு மேலால் பார்த்துவிட்டு லப்டொப்பை மூடினார்.

"சராசரி எடுக்காத. சராசரிக்குள்ள ஒருத்தரும் குடியிருக்கிறேல்ல."

பிறகு பிள்ளைகளின் பதிலையும் அந்த ரீச்சரின் பதிலையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரே அறை, ஒரே கதவு. உள்ளே ஒரு தாய் வலியோடும் வெட்கத்தோடும் மேசையைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறாள். வெளியே ஒரு சிறுமி, எட்டிப் பார்த்ததைத் தன் பாவம் என்று சுமந்துகொண்டு நிற்கிறாள். ஆசிரியர்களிடம் மட்டும் கேட்டிருந்தால் பிள்ளைகள் ஒழுக்கம் கெட்டவர்கள் என்று எழுதியிருப்போம். பிள்ளைகளிடம் மட்டும் கேட்டிருந்தால் அந்த ரீச்சர் ஒரு பொல்லாதவர் என்று எழுதியிருப்போம். அக்கா நீண்ட நேரம் அந்த இரண்டு தாள்களிலும் கையை வைத்துக்கொண்டு இருந்தார்.

ஆசிரியர் அறையில் முடிவுகளைச் சொன்ன நாளில் ஒரு சேர் கோபப்பட்டார். அந்த இரண்டு பதிலையும் அக்கா அங்கே வாசிக்கவில்லை. பொதுவானவற்றை மட்டும்தான் சொன்னார். அதற்கே, "பிள்ளையள் விளையாட்டுக்குச் சொல்லுறதையும் எங்கட பதிலையும் ஒரே தராசில வைக்கிறீங்களோ ரீச்சர்? கடைசியில பழி எங்கட தலையில" என்றார் அவர்.

"தராசில வைக்கேல்ல சேர். ஒரே மேசையில வைச்சிருக்கிறன், நீங்களே பாருங்கோ. பழி சொல்லுறதெண்டா உங்களிட்ட ஏன் கேக்கிறன்? பஸ்ஸைப் பற்றியும் ஒழுகிற கூரையைப் பற்றியும் இதுக்கு முன்னம் உங்களிட்ட ஆரும் கேட்டவையோ?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது கேக்கேல்லத்தான்" என்றார். பிறகு எங்கள் இருவருக்கும் பிளேன்ரீ கொண்டுவரச் சொன்னார்.

அதிபரிடம் அக்கா தனியே போனார். பின்பக்க அறைக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட வேண்டும் என்றார். "அது என்னத்துக்கு?" என்று அவர் கேட்க, "காத்துக்குக் கதவு அடிக்குது சேர், ஒரு பிள்ளையின்ர விரல் போனா நீங்கள்தான் பதில் சொல்லவேணும்" என்றார். அந்தக் கிழமைக்குள்ளேயே தாழ்ப்பாள் பூட்டப்பட்டது. திரும்பும்போது "பச்சைப் பொய் அக்கா" என்றேன். "அடுத்த பாவசங்கீர்த்தனத்தில சொல்லுறன். இதுக்குச் சுவாமி பெரிய தண்டனை ஒண்டும் தரமாட்டார்" என்றார்.

தாழ்ப்பாள் போட்ட பிறகு பிள்ளைகளிடமும் போனார். நம் வேலையில் இதை வேறு யாரும் செய்து நான் பார்த்ததில்லை. நாம் கேட்டுக்கொண்டு போவோம், அவர்களுக்குத் திருப்பிச் சொல்வதில்லை. அவர் அவர்கள் முன் நின்று சொன்னார்: "நீங்கள் சொன்னதில ஒண்டு செய்தாச்சு. மிச்சம் என்னெண்டு பாக்க நான் திரும்பி வருவன். மாறியிருக்கோ இல்லையோ எண்டு நீங்கள்தான் எனக்குச் சொல்லவேணும். ரீச்சர்மாரிட்டயும் கேப்பன். ஆனா உங்களிட்டயும் கேக்காமப் போகமாட்டன்."

அடக்கம் நடந்த நாளில் ஓலைத்தொடுவாய்க்கு அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் கொஞ்சப் பேர் வெள்ளைச் சீருடையோடு வந்திருந்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் நிற்க முடியாமல் நான் முற்றத்தில் நின்றேன். ஒரு சிறுமி வந்து என் சேலைத் தலைப்பைப் பிடித்தாள். முகம் எனக்கு நினைவில்லை. திரைக்குப் பின்னால் கேட்ட அந்தக் குரலில்தான் அவள் யார் என்று தெரிந்தது.

"மிஸ், ரீச்சர் திரும்பி வந்து கேப்பன் எண்டவ. இனி ஆர் வந்து கேக்கிறது?"

"ஆராவது வருவினம்" என்றேன். அவள் என்னை நம்பவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய் மற்றப் பிள்ளைகளோடு நின்றுகொண்டாள்.

சற்று நேரத்தில் அவர்களைக் கூட்டிவந்த ரீச்சர் என் பக்கத்தில் வந்து நின்றார். வவுனியாவிலிருந்து வருகிற அதே ரீச்சர்தான். "அந்தத் தாழ்ப்பாளைப் போடச் சொன்னது ஆரெண்டு எனக்குத் தெரியும்" என்றார். "அதுக்குப் பிறகு நான் ஒரு பிள்ளைக்கும் அடிக்கேல்ல எண்டு சொல்ல ஆசைதான். குறைஞ்சிருக்கு எண்டு நினைக்கிறன். ஆனா அது நான் நினைக்கிறது. பிள்ளையள் என்ன சொல்லுங்களோ தெரியாது. அதையும் வந்து கேளுங்கோ. எனக்குப் பயமாத்தான் இருக்கு. எண்டாலும் கேளுங்கோ."

மேலிடத்தில் பேசுகிறவர்களுக்கு இந்த ரீச்சரின் வார்த்தையைக் காட்டிலும் நான் வேறு என்ன விளக்கம் சொல்ல? இரண்டாம் சுற்றில் ஆசிரியர்களிடம் மட்டும் கேட்டால், குறைந்திருக்கிறது என்று எழுதுவார்கள். அவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள். அவர்கள் நினைப்பதைச் சொல்வார்கள். நாமும் அதைக் கோப்பில் போட்டு மூடிவிடுவோம். குறைந்ததா என்று சொல்லக்கூடியவர்கள், தங்களிடம் யாராவது வந்து கேட்பார்கள் என்று பார்த்துக்கொண்டு இருப்பார்கள். கேட்க ஒருவரும் வராவிட்டால், அதற்கும் தாங்கள்தான் ஏதோ பிழை விட்டோம் என்று அந்தப் பிள்ளைகள் நினைப்பார்கள். அதை நினைத்துத்தான் எனக்கு உறக்கம் வருவதில்லை. தை மாதம் ஆரபியும் முதலாம் வகுப்புக்குப் போகிறாள். அவளிடம் யார் கேட்பார்கள் என்ற பயமும் கூடச் சேர்ந்துகொள்கிறது.

அக்காவிடமிருந்து எனக்கென்று என்ன மிஞ்சியிருக்கிறது என்று இந்த நாட்களில் யோசித்துப் பார்த்தேன். அவருடைய துணிவு எனக்கு வராது. அதிபர்களோடு அந்தச் சத்தத்தில் பேச என் தொண்டைக்கு இயலாது. ஒன்றை மட்டும் எப்படியோ பழகிவிட்டேன். ஒரு பிள்ளையிடம் கேள்வி கேட்டால் அவர் அதற்குப் பிறகு பேசமாட்டார். எடுத்துக் கொடுக்கமாட்டார், மணிக்கூட்டைப் பார்க்கமாட்டார், பேனையைத் தூக்கிக்கொண்டு இருக்கமாட்டார். பதில் வரும் மட்டும் அப்படியே இருப்பார். எத்தனையோ பிள்ளைகள் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வாய் திறந்திருக்கிறார்கள். இப்போது ஆரபியோடு நானும் அப்படி இருந்து பார்க்கிறேன். நேற்று, "இருமினனான் அம்மா, ரெண்டு தரம்" என்று தானாக வந்து சொன்னாள். நான் போனை எடுக்கவில்லை. அவளை மடியில் வைத்துக்கொண்டு அக்காவை நினைத்து அழுதேன்.

அவர் இருந்திருந்தால் இந்த எழுத்தே தேவைப்பட்டிருக்காது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சத்தம் போட்டு முடித்திருப்பார். எனக்கு அது தனியே இயலாது என்பது உங்களுக்குத் தெரியும். வருகிற வெள்ளிக்கிழமை மேலிடத்தில் கூடுகிறார்கள். அதற்கு முன் பிள்ளைகளின் பக்கத்தையும் கட்டாயம் எடுக்க வேண்டும் என்று நாம் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும். அனுமதி கிடைத்தால் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்னோடு ஒருவராவது வர வேண்டும்.

வருவீர்களா? இயலாது என்றாலும் இயலாது என்று சொல்லுங்கள். தயவுசெய்து கெதியாகப் பதில் எழுதுங்கள்.